சோழபுரத்துக் கிணறும் 'கஸ்டம்' என்ற சொல்லும்

வக்கீல் குமாஸ்தா வேலை என்பது, கட்சிக்காரர் சொன்னதை வக்கீலிடமும் வக்கீல் சொன்னதைக் கட்சிக்காரரிடமும் சொல்லி, இரண்டு பேரிடமும் ஏச்சு வாங்குகிற வேலை. குமாஸ்தாவாகவே தேய்ந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டில் நான் வாங்கிய ஏச்சில் பாதி, 'கஸ்டம்' என்ற ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லுக்காக.

அகராதியில் ஏழு

முப்பதுகளில் ஒரு சித்திரை மாதம். சோழபுரத்திலிருந்து ஞானசவுந்தரி என்ற விதவை அம்மாள் எங்கள் ஆபீசுக்கு வந்தார். பாகப்பிரிவினையில் அவர் புருஷனுக்கு ஒரு குறுக்கம் நிலம். கிணறு இருந்த பக்கம் தம்பி யேசுவடியானுக்கு. பத்திரத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. புருஷன் இருந்தவரை வாரம் இரண்டு நாள் அந்தக் கிணற்றில் கமலை கட்டி இறைத்தார்கள். அவர் கண்ணை மூடியதும் கொழுந்தன் மறித்துவிட்டான். அந்த வருஷ மிளகாய் அத்தனையும் கருகிப் போனது. இன்னொரு வருஷம் கருகினால், கொழுந்தன் கேட்கிற விலைக்கே நிலத்தைத் தள்ளிவிட்டு, ராஜபாளையத்துக்குக் கூலி வேலை தேடிப் போக வேண்டியதுதான்.

கிணறு யார் பங்குக்குப் போனாலும் பங்காளிக்குத் தண்ணீர் முறை உண்டு, அது அந்த ஊர் 'கஸ்டம்' என்று வக்கீல் ஐயா இங்கிலீஷில் பிராது எழுதினார். அதைச் சாட்சிகளுக்குத் தமிழில் விளக்குவது என் பாடு. அகராதியைப் பிரித்தேன். வழக்கம், பழக்கம், மரபு, ஆசாரம், சம்பிரதாயம், மாமூல், போதாததற்குச் சுங்கவரி! தலை கிறுகிறுத்தது. இதில் எதைச் சொல்வது என்று கேட்டேன். வக்கீல் ஐயா பேனாவைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எல்லாம் ஒண்ணுதான் ஓய், ஏதாவது ஒண்ணைச் சொல்லும்!"

மாடசாமி மறுத்தது

சரி, 'வழக்கம்' என்றே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். முதல் சாட்சி, பக்கத்து நிலத்து மாடசாமி. ஞானசவுந்தரிக்காக விடியுமுன்னே கிளம்பி நடந்தே வந்த நல்ல மனுஷர். "பங்காளிக்குத் தண்ணீர் விடுகிற வழக்கம் உங்கள் ஊரில் உண்டா?" என்று வக்கீல் ஐயா கேட்டார். மாடசாமி கும்பிடு போட்டுவிட்டு, "அப்படி வழக்கமெல்லாம் எங்க ஊர்ல கிடையாது சாமி" என்றாரே பார்க்கலாம்! முன்சீப் மலையாளத்துக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். அதை அப்படியே இங்கிலீஷில் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாடசாமியைப் பிடித்து உலுக்காத குறைதான். "என்னவே இப்படிக் கவுத்துட்டீரு?" என்றேன். அவர் என்னைவிடக் குழம்பிப் போய் நின்றார். "வழக்கம்னா சடங்கு வீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வாரது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கது. தண்ணி விடுததப் போயி எவனாவது வழக்கம்பானா? அது மனுசன் செய்யுததுல்லா?"

உபதேசியாரும் ஆசாரமும்

சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது தப்புதான். சொல்லிக் கொடுக்காத குமாஸ்தா யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். இரண்டாவது சாட்சி, அந்த ஊர் வேதக்கோயில் உபதேசியார். படித்தவர் ஆயிற்றே, சொல்லும் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று 'ஆசாரம்' என்பதை எடுத்துக்கொண்டேன். வக்கீல் ஐயாவையும் அப்படியே கேட்கச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "தண்ணீர் விடுவது உங்கள் ஊர் ஆசாரம்தானே?" என்றதும் உபதேசியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆசாரத்தையெல்லாம் ஞானஸ்நானம் வாங்குன அன்னைக்கே விட்டாச்சு! எங்க சபையில அந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது!" என்று முழங்கினார். எதிர்க்கட்சி வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எனக்கு ஞானசவுந்தரி அம்மாளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கோர்ட்டுப் புளியமரத்தடியில் அவரே என்னிடம் வந்தார். "ஐயா, உங்களுக்கு இது ஒரு வார்த்தை. எனக்கு இருக்கது அந்த ஒரு குறுக்கந்தான். கொஞ்சம் சும்மா இருங்க, போதும்."

கொழுந்தன் கூண்டில்

யேசுவடியான் கூண்டில் ஏறினான். அவன் வக்கீல் அகராதி முழுவதையும் மனப்பாடம் பண்ண வைத்திருந்தார் போலும். "வழக்கமும் இல்ல, மரபும் இல்ல, சம்பிரதாயமும் இல்ல" என்று ஒப்பித்தான். எங்கள் வக்கீல் ஐயா எதைக் கேட்பதென்று தெரியாமல் கேஸ் கட்டைப் புரட்டினார். ஞானசவுந்தரி என் பக்கம் குனிந்து, "எங்க மாமனார் காலத்துல அந்தக் கெணறு யாரு பங்குன்னு கேக்கச் சொல்லுங்க" என்றார். நான் ஒரு சொல்கூட மாற்றவில்லை. அப்படியே துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினேன்; வக்கீல் ஐயா அதையே கேட்டார்.

"அப்ப அது எங்க பெரியப்பா பங்கு. அவியளுக்குப் பிள்ளை இல்ல, அதான் பொறவு எங்களுக்கு வந்துச்சு" என்றான். உன் அப்பா நிலத்துக்குத் தண்ணீர்? "அந்தக் கெணத்துலருந்துதான்." எவ்வளவு காலம்? "அப்பா சாகுற வரைக்கும்." முன்சீப் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தாமே கேட்டார், பெரியப்பா ஏன் விட்டார் என்று. இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல யேசுவடியான் அவரைப் பார்த்தான். "பங்காளிக்குத் தண்ணிய மறிச்சா ஊரே காறித் துப்பாதா எசமான்?"

பதினோரு பக்கம்

தீர்ப்பு பதினோரு பக்கம். கோர்ட்டு வராந்தாவில் அந்த அம்மாளுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே அந்தச் சொல் ஆறு இடத்தில் கிடந்தது. நான் திணறுவதைப் பார்த்து, "தண்ணி உண்டா இல்லையா, மொதல்ல அதச் சொல்லுங்க" என்றார். உண்டு என்றேன். அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அழுது முடித்து எழுந்தவர், என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். "எங்க கொழுந்தனுக்கும் நீங்க சொல்லிக் குடுத்திருந்தா, நான் தோத்துருப்பேன் ஐயா!"

குமாஸ்தா வாயைத் திறக்காத அன்றைக்குத்தான் எங்கள் ஆபீசுக்குக் கேஸ் ஜெயித்தது என்பதை, சகோதரர்களே, தயவுசெய்து நம் தொழிலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.