எடுக்காமல் வைத்திருக்கும் பெயர்

எங்கள் கண்காணிப்புத் திரையில் என்னோடு வேலை பார்க்கும் எஸ்தரின் பெயர் சிவப்பாக மாறியபோது, அவருடைய கைபேசியில் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். விருதுநகரில் நர்ஸாக இருக்கும் அவருடைய அக்கா கூப்பிட்டபோது அதையே சொல்ல வாயெடுத்தேன். "தம்பி, எஸ்தரு போயிட்டாப்பா" என்றார். நெஞ்சுவலியாம். எதிரே அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் கணினி அறையில் நாங்கள் இரண்டே பேர். விஸ்வநத்தம், வெம்பக்கோட்டை யூனிட்டுகளின் கேமராக்களையும் தீ அலாரங்களையும் "இருக்கிறாயா?" என்று ஒரு மென்பொருள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அங்கே வந்து டீ குடித்தவர்களுக்கெல்லாம் எஸ்தரின் கேலிப் பேச்சு நினைவிருக்கும்.

ஒரு சீசனில் அந்த மென்பொருள் அடிக்கடி செத்து விழுந்தது. எங்கள் முதலாளிக்கு எந்தக் கருவியானாலும் குலசாமி பெயர், தாத்தா பெயர், யூனிட் பெயர் எல்லாம் முழுசாக வைக்க வேண்டும். "தாத்தா பேர மட்டும் வெட்டிராதீக" என்பார். வெம்பக்கோட்டையில் அப்படி ஒரு நீளமான பெயரோடு ஒரு கேமராவைச் சேர்த்ததிலிருந்துதான் தொல்லை. நான் ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட்டுச் சமாளித்தேன். எஸ்தர் விடவில்லை.

"அண்ணே, வெடிமருந்து ரூமுக்கு இம்புட்டுத்தான்னு வாசல்லயே அளந்து விடுறோம்ல? இது வர்ற பேர அளக்காம உள்ள விடுது. இடம் பத்தாமப் பக்கத்து ரூமுக்கு வழியுது" என்றார். இதற்கு பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர். வழிகிற இடத்தில் எவனாவது தன் கட்டளையை எழுதிவிட்டால், எங்கள் அலாரங்களை அவன் ஊமையாக்கிவிடலாம். பெயரைச் சுருக்கினால் போதாதா என்று கேட்டேன். "நாம சுருக்குவோம். கெடுக்கணும்னே நீட்டி அனுப்புறவன் சுருக்குவானா?" என்றார்.

தயாரித்தவர்களுக்கு எழுதிப் போட்டார். திருத்தம் வரும்வரை மென்பொருளை நிறுத்திவைக்க முதலாளியிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கினார். யூனிட் யூனிட்டாக ஸ்கூட்டியில் போய் அலாரங்களைச் சோதித்ததும் அவர்தான். ஒவ்வொரு இடத்திலிருந்தும் போன் வரும்.

"அண்ணே, இங்கன எல்லாம் நல்லாருக்கு. நீங்க இருக்கீகளா?"

"இருக்கேன்மா."

"இருந்தாச் சரி."

வெயிலில் தனியாக அலைந்தது அவர். விசாரித்ததோ மின்விசிறிக்கடியில் இருந்த என்னை.

திருத்தம் வந்ததும் சோதிக்க ஒரு நீளமான பெயர் தேவைப்பட்டது. எஸ்தர் தன் கைபேசியையே பட்டியலில் சேர்த்து, ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர், ஊர், தெரு, சபை என்று தட்டிக்கொண்டே போனார். மென்பொருள் விழவில்லை. வரி பச்சையாக எரிந்தது. "தாங்கிருச்சுண்ணே! இத எடுத்துறாதீக. அடுத்த அப்டேட்டுக்கும் என்னய வச்சே பாப்போம்" என்று சிரித்தார்.

அந்த வரியை நீக்கிவிடலாமே என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். கூடாது என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. எஸ்தரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். மென்பொருள் இன்னமும் அவரை "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்கத்தான் ஆளில்லை.