தட்டில் குறைந்த ஒரு துளை

ஆர்லிஸ் ட்வெட் தோட்டா அடைக்கும் மேசையில் அமர்ந்துவிட்டால் அவளிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. வாய் திறந்தவருக்கு ஒரு விரல் உயரும். அதற்கும் அடங்காதவருக்குக் கொட்டகையின் கதவு காட்டப்படும். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளின் கூச்சலை மீறிப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டுகிற பெண்மணியா இவள் என்று புதியவர்கள் வியப்பதுண்டு. ஹார்லன் ஃபிளாட் ஊர்க்காரர்களுக்குக் காரணம் தெரியும்.

அந்த விபத்து எந்த ஆண்டு நடந்தது என்பதில் குடும்பத்தில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. பீட் கிழங்கு அறுவடைக்கு முந்திய வாரம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அன்று வானொலியில் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு காதை வைத்தபடி ஆர்லிஸ் தோட்டாவுக்கான பித்தளைக் கூடுகளில் வெடிமருந்து நிரப்பினாள். ஒரு கூட்டில் மட்டும் மருந்து இருமுறை விழுந்தது. அதைச் சுட்டவன் அவளுடைய தம்பி நாரிஸ். ரிவால்வரின் உருளை பிளந்தது. தெறித்த துண்டு அவன் கன்னத்தைக் காதுவரை கீறிக்கொண்டு போனது.

நாரிஸ் அவளை ஒரு சொல்கூட ஏசவில்லை. ஆண்டுதோறும் நன்றியறிதல் நாள் விருந்துக்கு வந்தான். அவள் கூரைக்கு ஓடு மாற்றிக் கொடுத்தான். ஆனால் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராதது போல, அந்தக் கொட்டகைக்குள் மட்டும் பிறகு கால் வைக்கவே இல்லை. இருவரும் சிறு வயது முதல் தோளோடு தோள் உரசி உட்கார்ந்த மேசை அது. அவன் நாற்காலி இருந்த இடத்தில் ஆர்லிஸ் வேறெதையும் வைக்கவில்லை.

பிறர் அடைத்த தோட்டாவைச் சுடாதே என்பது அந்தப் பக்கத்து மக்களின் எழுதாத சட்டம். கோடை முடிவில் சரளைக்கல் குழியில் நடக்கும் முக்குண்டுப் போட்டி ஒன்றில்தான் அதற்கு விலக்கு. அதில் ஒருவர் அடைக்க வேண்டும், அதே குடும்பத்தில் இன்னொருவர் சுட வேண்டும். ஒரு தோட்டாவுக்குள் மூன்று ஈயக் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும். ஐந்து தோட்டாக்கள், ஒரு காகிதத் தட்டு, அதில் பதினைந்து துளைகள். ஐந்தையும் சுட்டு முடிக்குமுன் துப்பாக்கியைக் கீழே வைத்தால் ஆட்டம் முடிந்தது. வெல்லும் குடும்பத்துக்கு ஒரு முழுப் பன்றித்தொடை பரிசு.

ஆர்லிஸுக்காக ஆண்டுதோறும் சுட்டுவந்த அவள் மகள் ஒரு கோடையில் அலாஸ்காவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஆர்லிஸ் ருபார்ப் தண்டை உள்ளே வைத்த 'பை' என்ற இனிப்புப் பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

"நாரிஸ், இந்த வருஷம் நீ எனக்குச் சுடறியா?"

"அக்கா, நீ போட்ட பை எவ்வளவு வேணா தின்பேன். நீ போட்ட தோட்டா மட்டும் வேணாம்."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஜாய்ஸின் குரல் வந்தது. "இத்தனை வருஷமா அந்தத் தழும்பைக் காட்டியே பாத்திரம் கழுவாமத் தப்பிச்சிட்டே. கண்ணுக்குக் கண்ணாடிய மாட்டிட்டுப் போய்ச் சுடு, போ!"

நாரிஸ் பையின் கடைசித் துண்டை மென்று விழுங்கினான். "ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் கேக்காதே."

போட்டியன்று காற்று அடங்கியிருந்தது. அடைத்தவர் சுடுபவரின் பின்னால் நின்று துளைகளை எண்ண வேண்டும் என்பது முறை. ஆர்லிஸ் தொலைநோக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டாள். நாரிஸ் முதல் தோட்டாவைச் சுடும்போது அவன் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. தட்டில் மூன்று துளைகள். அடுத்ததில் தோள்கள் சற்று இறங்கின. மூன்றாவதில் தட்டின் நடுவே ஒன்பது துளைகள் நெருங்கி நின்றன. கூட்டத்தில் யாரோ சீட்டி அடித்தார்கள். நான்காவதும் வெடித்தது.

ஆர்லிஸ் எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான்.

"நிறுத்து! சுடாதே! கீழ வை!"

நாரிஸ் அப்படியே உறைந்து, பிறகு ரிவால்வரை மெதுவாக மேசையில் வைத்தான். போட்டியை நடத்தும் வெண்டெல் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"ஆர்லிஸ், கீழ வெச்சாச்சுன்னா உங்க ஆட்டம் அவ்வளவுதான். தெரியுமில்ல?"

"தெரியும் வெண்டெல். ஒரு குண்டு கணக்குல வரல. குழலுக்குள்ள தங்கியிருந்து, அதுக்குப் பின்னால இன்னொன்னு போச்சுன்னா என்ன ஆகும்?"

"ஒரே ஓட்டைல ரெண்டு போயிருக்கும்மா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "கையில வந்த பன்னித்தொடையத் தூக்கிக் கொடுத்துட்டியே!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மிஞ்சியிருந்த தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டாள். கம்பி தடையின்றி மறுமுனைக்கு வந்தது. குழல் காலி. வெண்டெல் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஓரத்துத் துளை ஒன்று மட்டும் வட்டமாக இல்லை. இரண்டு பட்டாணிகள் ஒட்டிப் பிறந்தது போல இடுப்புச் சிறுத்து இருந்தது. கத்தியவன் சொன்னதுதான் சரி. பன்னிரண்டு குண்டுகளும் தட்டைத் துளைத்துத்தான் போயிருந்தன.

ஆர்லிஸின் காதுமடல்கள் சிவந்தன. தன் தோட்டாவைத் தானே நம்பாத அக்காவின் தோட்டாவைத் தம்பி எப்படி நம்புவான்? இனி அவன் அந்தக் கொட்டகைப் பக்கம் வரவே மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

நாரிஸ் தட்டை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"என் கன்னம் கிழிஞ்ச அன்னிக்கு நீ கூட்டுக்குள்ள பாத்தியா அக்கா? மருந்து போட்டப்புறம்?"

"பாக்கல. கவனமெல்லாம் ஆட்டத்துல இருந்துச்சு."

"இன்னிக்கும் ஆட்டம்தானே நடந்துச்சு. ஜெயிக்கற ஆட்டம். அப்பவும் நீ ரெண்டு தடவை எண்ணினியே."

நாரிஸ் மேசையில் கிடந்த ஐந்தாவது தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான்.

"வெண்டெல், இது வீணாப் போகுதே. மண்மேட்டுல சுட்டுக்கட்டுமா?"

"கணக்குல சேராது."

"கணக்கு யாருக்கு வேணும்?"

சுட்டான். இந்த முறை தோள்கள் ஏறவே இல்லை. மண்மேட்டில் மூன்று புழுதிப் பூக்கள் ஒன்றாக எழுந்து கலைந்தன.

பன்றித்தொடை வேறொரு குடும்பத்துக்குப் போயிற்று. அடுத்த வாரம் ஆர்லிஸ் கொட்டகையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி மருந்து நிரப்பிக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. மடக்கு நாற்காலியும் கைவிளக்குமாக நாரிஸ் நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் விரல் உயர்ந்தது. அவன் வாயை மூடிக்கொண்டு, காலியாக இருந்த இடத்தில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தான். அவள் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் குனிந்து மருந்தின் மட்டத்தைப் பார்த்தாள். அவள் பார்த்த பின் அவன் விளக்கடித்துப் பார்த்தான்.

சற்று நேரத்தில் ஜாய்ஸ் எட்டிப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேரையும் எங்கெல்லாம் தேடறது? சாப்பாடு ஆறி..."

மேசையிலிருந்து தலை நிமிராமலே, ஆளுக்கொன்றாக இரண்டு விரல்கள் சேர்ந்து உயர்ந்தன.