கப்பலின் பேர்

எங்கள் குடும்பப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. புதுச்சேரியில் அது இரண்டே வீடுகளுக்குத்தான் உண்டு. எழுதினால் இன்னொரு வீடு எதுவென்று ஊருக்கே தெரிந்துவிடும்.

சாதி வழக்கத்தை விட்டுவிட்டோம், இனி பிரெஞ்சுச் சட்டம்தான் என்று அந்தக் காலத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் ஆளுக்கொரு குடும்பப் பேர் வைத்துக்கொண்டார்கள். என் கொள்ளுத்தாத்தாவும் போட்டார். எந்தப் பேரும் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்க, இதை ஏன் பிடித்தார்? காலேஜில் சேர்ந்த புதிதில் எனக்கு இதே பைத்தியம். அகராதியில் இல்லை. பிரெஞ்சு வாத்தியாரைப் பிடித்தேன். எப்போதும் மழை தூறும் ஒரு சின்னத் துறைமுகத்தின் பேர் அது என்றார். அப்பாவுக்கு அது போதும். அந்தத் துறைமுகத்துக்கே கப்பலேறிப் போய்வந்தவர் நம் ஆள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நானும் கூடச் சேர்ந்து சொன்னேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த இன்னொரு வீட்டுப் பையன் சைகோன் பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்தான். கட்டினால் எங்கள் அக்காவைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். அக்காவுக்கும் ஆசை. அவன் சைக்கிள் மணி கேட்டால் ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

அப்பாவுக்கு ஒரே பயம். குடும்பப் பேர் ஒன்று என்றால் பங்காளியாகத்தானே இருக்க வேண்டும்? அண்ணன் தங்கை முறை ஆகிவிடுமே! சட்டம் மாறி மூன்று தலைமுறை, முறை மட்டும் மாறவில்லை.

பெண் பார்க்க வந்தது பையனின் அத்தை மட்டும். அக்கா நீட்டிய காப்பியை வாங்கிப் பக்கத்தில் வைத்தவர், கடைசிவரை அதைத் தொடவில்லை. அப்பா தயங்கித் தயங்கிப் பங்காளிப் பேச்சை எடுத்தார்.

“அந்தக் கவல உங்களுக்கு வேணாம். பங்காளியெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார் அத்தை.

அப்பா மூச்சுவிட்டார். அப்படியென்றால் ஒரே பேர் எப்படி வந்தது என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன். அவர் அதற்காகவே காத்திருந்தது போலச் சொன்னார். அவருடைய தாத்தா கப்பல்களுக்கு அரிசி ஏற்றியவர். அதிக லாபம் கொடுத்த கப்பலுக்கு அந்தத் துறைமுகத்தின் பேர். அதையே குடும்பப் பேராக்கிக்கொண்டார். கையெழுத்துப் போடப் போன அன்று, அவர் உட்கார்ந்து போகும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிற ஆள் வாசலில் நின்றிருந்தார். கையெழுத்துக்கு ஆள் சேர்க்கிற நேரம் என்பதால் அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். உனக்கு என்ன பேர் வேண்டும் என்று அதிகாரி கேட்க, அவர் எஜமான் முகத்தைப் பார்த்தாராம்.

“இவனுக்கும் அதயே போடுங்க முசியேன்னு எங்க தாத்தா சொல்லிட்டாரு. அந்த வண்டிக்காரரோட பேரன்தான் உங்க அப்பா. பேரு ஒண்ணுதான் தம்பி. அதுக்காவ சாதி ஒண்ணாயிடுமா?”

சாதியை விட்டோம் என்று எழுதிக் கொடுத்தவரின் பேத்தி இதைச் சொன்னார், அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொல்லும்போதே சொன்னார். அவர் போன பிறகு அக்கா அந்தக் காப்பியைச் சாக்கடையில் ஊற்றி, டம்ளரை வெகுநேரம் தேய்த்தாள். சைக்கிள் மணி அப்புறம் எங்கள் தெருவில் கேட்கவில்லை. வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு அவன் பிரான்சுக்கே போய்விட்டான்.

அறுபத்திரண்டில், பிரான்ஸ் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அந்தக் குடும்பப் பேரிலேயே பிரெஞ்சுக் காகிதம் வரும். அத்தனைக்குப் பிறகும் அப்பாவுக்கு அந்தப் பேரை விட மனமில்லை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட அக்காவையும் கூப்பிட்டார். டீச்சர் வேலைக்குக் கிளம்பப் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்த அக்கா நிமிராமல் கேட்டாள்.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்க தாத்தாவுக்கு ஒரு பேரு இருந்திருக்குமில்லப்பா? அத சொல்லுங்க, வெச்சிக்கறேன்.”

அப்பாவுக்குத் தெரியவில்லை. பேரைத் துருவித் துருவித் தேடிய எனக்கும், அதைக் கேட்க வேண்டுமென்று ஒருநாளும் தோன்றியதில்லை.