போடியாருக்குச் சொன்ன ஓம்

எங்கள் கோயில் சிலுவைக்கு முன்னால் பொய்ச்சத்தியம் பண்ணினால் வாய் கோணிப்போகும் என்பது சொறிக்கல்முனையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். களவு போனாலும், காணிச் சண்டை முற்றினாலும், வேற்று ஊர்க்காரர்கள்கூட எதிராளியை அங்கேதான் இழுத்து வருவார்கள். ஆகவே, தேர்தலில் தன் மச்சான் நின்றபோது, நாங்கள் செய்த வயல்களின் சொந்தக்காரரான கல்முனைப் போடியார் எங்கள் வாக்குகளையும் அந்தச் சிலுவையிலேயே கட்டிப்போட நினைத்ததில் ஆச்சரியமில்லை. அவர் ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். ஆனாலும் எங்கள் சிலுவைக்கு எங்களைவிட அவர்தான் கூடப் பயந்தார்.

அது எழுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. அப்பா காய்ச்சலில் போன பிறகு, போடியாரின் வயலில் ஒரு துண்டை அம்மா விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குச் செய்து வந்தார். எங்கள் வீட்டு உலையில் வேகிற அரிசி முழுவதும் அந்தத் துண்டில் விளைந்ததுதான். மாரி மழைக்கு முன்னால் எந்தத் துண்டு யாருக்கு என்று போடியார் சொல்லுவார். அவர் சொல்லாவிட்டால் அந்த வருடம் வயிற்றுக்கு வழி வேறு தேடவேண்டும்.

ஒருநாள் அவருடைய பழைய கார் எங்கள் வாசலில் வந்து நின்றது.

"மச்சானுக்குத்தானே புள்ள போடுவாய்?"

"ஓம் போடியார்" என்றார் அம்மா.

"நல்லம். அப்ப ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லாரோடயும் சேந்து சிலுவைக்கு முன்னால ஒரு சத்தியம் பண்ணு."

"அது மட்டும் ஏலாது போடியார். சத்தியம் பண்ண வேணாமெண்டு யேசு சொல்லியிருக்கார். எங்களுக்கு ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்ல. அவ்வளவுதான்."

போடியார் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். "ஓமெண்டு சொல்றவளுக்குச் சத்தியம் பண்ண என்ன வில்லங்கம்?" என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். நியாயமான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

அன்று பின்னேரம் மாமா வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அம்மாவின் அண்ணன். எந்தச் சிக்கலுக்கும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பவர்.

"சத்தியத்தப் பண்ணிப்போட்டு எங்கட ஆளுக்கே போடன். பெட்டிக்குள்ள ஆர் எட்டிப் பாக்கப்போறான்?"

"பாக்கிறவர் பாப்பார் அண்ணன்."

ஞாயிற்றுக்கிழமை போடியாரின் வயல் செய்தவர்கள் எல்லாரும் சிலுவைக்கு முன்னால் கை நீட்டினார்கள். மாமாவின் குரல்தான் எல்லாருக்கும் மேலாகக் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது: இவள் மற்றக் கட்சி. நானும் அப்படித்தான் நினைத்தேன். வயல் போய்விடுமே என்ற பயம் இருந்தாலும், என் அம்மா பெரிய எதிர்க்கட்சி என்பதில் உள்ளூர எனக்குப் பெருமை.

வாக்குப்போடும் நாள் காலையில் அம்மா முழுகி, பூசைக்கு உடுக்கும் வெள்ளைச் சேலையை உடுத்து, சுரூபத்துக்கு முன்னால் நெடுநேரம் முழந்தாளில் நின்றார். வோட்டுப் போடப் போவதற்கும் செபமா என்று கேட்டேன்.

"ஆருக்குப் போடுறதெண்டு அவரிட்டக் கேக்காம வேற ஆரிட்டக் கேக்கிற?" என்றார்.

போடியாரின் மச்சான் தோற்றுப்போனார். அதுவும் எங்கள் பக்கத்தில்தான் படுதோல்வி என்று ஊரெல்லாம் கதை. அடுத்த ஞாயிறு நான் செபத்தில் மனம் வைக்காமல் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை. மாமா வாய் நிறையப் பாடினார். முதல்நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு வழக்கத்தைவிட நீளமான வரிசை நின்றதாம், அவ்வளவுதான். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மாரி நெருங்கியது. எங்கள் துண்டு வேறு யாருக்கோ என்று பேச்சு அடிபட்டது. அம்மா உலையில் போடும் அரிசியைக் குறைத்தார். ஆனால் விதைநெல்லில் கை வைக்கவில்லை. வெயில் எறித்த நாளெல்லாம் அதைப் பாயில் பரப்பிக் காயப்போட்டார். வயலே இல்லாமல் எங்கே விதைக்கப் போகிறாய், கூரையிலா என்று மாமா பகிடி பண்ணினார்.

அப்படி நெல் காயப்போட்ட ஒரு நாளில்தான் போடியாரின் கார் மறுபடி வந்தது. அவர் பாயில் கிடந்த விதைநெல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார்.

"வயல் வட்டைக்கு இறங்குறயா புள்ள?"

"ஓம் போடியார்."

"இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தேர்தலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்று இரவு அம்மா உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டார். சோற்றின் வாசத்தில் எனக்கு அழுகை வந்தது.

எண்பதுகளில் எனக்கு முதல் வாக்குச்சீட்டு வந்தபோதுதான் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றியது.

"அண்டைக்கு நீங்க ஆருக்கம்மா போட்டீங்க?"

"போடியார்ர மச்சானுக்குத்தான்" என்றார், மீன் வெட்டியபடி. "கிட்டங்கி ரோட்டில வெள்ளம் ஏறினா, கல்முனை ஆசுபத்திரிக்கு வருத்தக்காரர ஏத்தினது அந்தாள்ர வள்ளம். அவர் வேதம் பாத்து ஏத்தல்ல. நானும் வேதம் பாத்துப் போடல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அதப் போடியாரிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னன்தானே. முதல் நாளே ஓமெண்டு."

விதைநெல்லுக்கு முன்னால் நின்ற போடியார், அம்மாவின் ஓமுக்கு மேல் ஏன் இன்னொரு சொல் கேட்கவில்லை என்பது அந்தச் சின்ன வயதில் எனக்கு விளங்கவில்லை. வயதுபோன மனிதர், சத்தியம் கேட்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.