சிவப்புத் துணி கட்டிய பீர்க்கங்காய்

எழுபதுகளின் கடைசியில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வயது இருபத்து மூன்று. ஆலங்காயத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்ததால், செடி கொடியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு என்னிடம் தாராளமாக இருந்தது. மலையேறிய முதல் ஆடியிலேயே, வாணியம்பாடியில் வாங்கிய தக்காளி, கத்தரி, கொத்தமல்லி, சாமந்தி விதைப் பொட்டலங்களோடு வாடகை வீட்டின் பின்பக்கத்தில் இறங்கிவிட்டேன்.

வீட்டுக்காரப் பெண் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒட்டினாற்போல அடுத்த வீட்டில் புருஷனோடு இருந்தாள். தோட்டம் இரண்டு வீட்டுக்கும் பொது. நான் பாத்தி கட்டுவதைப் பார்த்துவிட்டு, மழை கொஞ்சம் நிற்கட்டுமே என்றாள். எங்கள் ஊரில் ஆடிதான் கணக்கு என்று சொல்லிவிட்டேன். எல்லாம் முளைத்தன. இரண்டிலை விட்டதும், விடாத தூறலில் தண்டு அழுகி ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. மிஞ்சியது சாமந்தி மட்டும். நான் விதைக்கடைக்காரரைத் திட்டினேன்.

அவளுடைய பக்கத்தில் அவரையும் பூசணியும் ஒரு பீர்க்கங்கொடியும் செழித்துக் கிடந்தன. எனக்குப் பொறாமைதான், அதை மறைப்பானேன்.

புரட்டாசியில் அவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். புருஷனுக்குக் காட்டு வேலையே சரியாக இருந்ததால், போகும்போது தோட்டத்தை என்னிடம் ஒப்படைத்தாள். "இன்னா காய்ச்சாலும் பறிச்சி ஆக்கிக்குங்க டீச்சரம்மா. முத்த வுட்டுடாதீங்க" என்றாள். அதை நான் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

பீர்க்கங்கொடியில் இருந்ததிலேயே அழகான காய் ஒன்றின் காம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. முழங்கை நீளம், நேரானது, பளபளவென்று இருந்தது. எங்கள் ஊரில் நன்றாகக் காய்த்த பூசணிக்குத் திருஷ்டி படாமல் சுண்ணாம்புப் பொட்டு வைப்பார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனதும் அது முற்றிவிடுமே என்று அறுத்துப் பருப்பு போட்டுக் கடைந்தேன். ருசியை இப்போது சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. கொடிக்குத் திருஷ்டி பட்டுவிடக் கூடாதே என்று அந்தத் துணியைப் பத்திரமாக அவிழ்த்து, விரல் நீளத்தில் வளைந்து நின்ற ஒரு சூம்பல் காயில் கட்டினேன். கட்டிவிட்டு என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்து வந்த காய்களையும் ஒன்று விடாமல் பறித்தேன்.

கார்த்திகையில் பெண் குழந்தையோடு அவள் திரும்பியபோது, பனியில் கொடி காய்ந்திருந்தது. அதில் மிச்சம் அந்தச் சூம்பல் மட்டும்தான். பயணக் களைப்போடு நேரே தோட்டத்துக்குத்தான் போனாள். துணியைப் பார்த்தாள், காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் செய்ததைப் பெருமையாகவே விளக்கினேன். குழந்தையை மடியில் வைத்தபடி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அது வெதைக்கு வுட்டது டீச்சரம்மா. எங்கம்மா வூட்டுல இந்த வெத அத்துப்போச்சி. இந்தக் கொடி ஒண்ணுதான் இருந்துச்சி" என்றாள்.

கல்யாணமாகி வரும்போது அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை அது. அங்கே ஒரு வறட்சியில் எல்லாம் போய்விட, அடுத்த வருஷம் நான் தருகிறேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். விதை கடையில் வாங்குகிற பொருள் என்று வளர்ந்தவள் நான். வீட்டுத் தோட்டத்தில் ஒரு காயை அதற்கென்று அடையாளம் வைத்து விடுவார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அவள் என்னிடம் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சமாதானமாகப் போயிருப்போம். அவள் கத்தவில்லை. பல நாள், வேண்டிய பேச்சு மட்டும்தான். ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிவிடலாம் என்றுகூட யோசித்தேன். அவ்வளவு அவமானமாக இருந்தது.

அந்தச் சூம்பலை அவள் எறியவில்லை. பறித்து அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.

வைகாசியில் முதல் மழை பெய்த மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டாள். காய்ந்த கூட்டை முறத்தின்மேல் உடைத்தாள். கொட்டிய விதைகளில் பெரும்பாலும் வெள்ளைச் சக்கை. ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்த்தோம். கறுத்து, கனத்து இருந்தவை ஐந்து. அதில் இரண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. என் கை வேண்டாம் அக்கா, எல்லாவற்றையும் நீங்களே போடுங்கள் என்றேன்.

"ஒரே எடத்துல வெச்சா ஒரே கோழி கெளறிப்புடும். ரெண்டு எடத்துல கெடக்கட்டும்" என்றாள்.

அவள் சொன்னபடியே ஆனது, ஆனால் கோழி அவள் பக்கம் வந்தது. அவளுடைய மூன்றில் ஒன்று முளைக்கவில்லை, இரண்டு தளிரிலேயே கோழிக்குப் போயின. என்னுடைய இரண்டில் ஒன்று முளைத்தது. உலகத்திலேயே கடைசி பீர்க்கங்கொடி என் பொறுப்பில் இருப்பதுபோல நடந்துகொண்டேன். முள் வெட்டி வேலி போட்டேன். சாணியும் சாம்பலும் அவள் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை போடவில்லை. மத்தியான மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் நான் ஓடிவந்து இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பேன். ஆனாலும் மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது: கோணல் காயின் விதை கோணலாகத்தானே காய்க்கும்? ஒருநாள் கேட்டேவிட்டேன். காய்தான் சூம்பல், கொடி நல்ல கொடி என்று சொல்லிவிட்டு அவள் களையெடுக்கப் போய்விட்டாள்.

ஆவணியில் முதல் காய் இறங்கியது. தினமும் விரலால் அளந்தேன். முழங்கையைத் தொட்டபோதும் அது நேராகவே இருந்தது. அவளைக் கூட்டிவந்து காட்டினேன். காயைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தாள், வரிகளைத் தடவினாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை விதைக்கு விட்டுவிடலாம் அக்கா, யாரும் தொட வேண்டாம் என்றேன்.

அவள் உள்ளே போய் அரிவாளை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"மொதக் காய ஆக்குங்க. புள்ளைக்கும் பருப்புல கொஞ்சம் கடைஞ்சி குடுங்க. வெதைக்குப் பின்னாடி வுடலாம். அத்தப் பாத்துக்கத்தான் நீங்க கீறீங்களே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காம்பு சரியாகத் தெரியவில்லை. தடவிப் பார்த்து அறுத்தேன்.