பாட்டு நின்றால் பெட்டி நிற்கும்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் பழுது பார்க்கும் மெக்கானிக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். குரலுக்காக வந்த பெயர் அல்ல. அதைக் கேட்டால் பால் திரிந்துவிடும் என்பார் அவர் மனைவி. தெரிந்ததும் ஒரே பாட்டு, பழைய காதல் பாட்டு.

லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், மனைவியின் தம்பி மேலே மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றுவார். பாட்டுக்காரர் கீழே கதவருகில் நின்று, பெட்டி தளத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பார். கத்தினால் எதிரொலியில் வார்த்தை குழம்பிவிடும். அதனால் பாட்டு. பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும்வரை சுற்ற வேண்டும், நின்றால் நிறுத்த வேண்டும்.

இந்த நிலையில் ஒரு படம் வந்தது. அதில் கொலைகாரன் லிஃப்டுக்குள் வரும்போது இதே பாட்டை முணுமுணுக்கிறான். கத்தியில்லை, ரத்தமில்லை, அந்த இனிமையான மெட்டு மட்டும்தான். பார்த்தவர்கள் உறைந்து போனார்கள். பாட்டுக்காரர் பார்க்கவில்லை.

ஒருநாள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கணக்கு டீச்சர் ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். பாட்டுக்காரர் கதவருகில் நின்று ஆரம்பித்தார். உள்ளே அலறல். பாட்டு நின்றது. பெட்டியும் நின்றது.

"யாருய்யா அது?"

"மெக்கானிக்மா. நான் பாடினாத்தான் பெட்டி இறங்கும்."

"ஐயோ, படத்துல அந்தக் கொலைகாரனும் இதைத்தான் பாடிக்கிட்டே வந்தான்! வேற பாடுங்க."

வேறு எதையோ தொடங்கினார். இரண்டாவது வரியிலேயே அது பழைய மெட்டுக்குள் போய் விழுந்தது. மறுபடி அலறல். மேலிருந்து மச்சான் என்னவோ கத்தினார், ஒன்றும் விளங்கவில்லை.

பாட்டுக்காரரின் முகம் வாடிவிட்டது. "இதைப் பாடித்தாம்மா என் வீட்டுக்காரியைச் சம்மதிக்க வெச்சேன். இருக்கிறது ஒரே பாட்டு. அதையும் எவனோ கொண்டு போயிட்டானா?"



"எங்க வீட்லயும் எந்நேரமும் இதுதான் ஓடும்," என்றார் டீச்சர். "நீங்க வாயை மூடுங்க. நானே பாடுறேன்."

முதலில் குரல் நடுங்கியது. பல்லவி முடிவதற்குள் தெளிந்துவிட்டது. பெட்டி மெல்ல இறங்கி, தளத்துக்குச் சரியாக வந்தது.

"போதும்மா, நிறுத்துங்க!"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு, நிறுத்துங்க! வந்தாச்சு!"

"இருங்க, சரணம் முடியட்டும்."

முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார். அதற்குள் பெட்டி முழங்கால் அளவு கீழே போய்விட்டது. பாட்டுக்காரர் கதவைத் திறந்து, கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார்.

"சரணத்துல ஒரு வரியை விட்டுட்டீங்கம்மா."

எந்த வரி என்று கேட்டுச் சரி செய்துகொண்டு, அதையே முணுமுணுத்தபடி டீச்சர் படியிறங்கிப் போனார். எதிரே ஏறி வந்த ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.