குடகனாற்றில் ஆறு டியூப், மூன்று நாள்

என் நண்பனுக்குப் பயம் என்ற ஒன்று கிடையாது. இதை அவனே சொல்வான். பாம்பு, கரண்ட், போலீஸ், மாமியார், எதற்கும் தான் பயந்ததில்லை என்பான். திண்டுக்கல்லில் மதுரை ரோட்டில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். நான் கணக்கு வாத்தியார். தப்பைக் கண்டால் சும்மா இருக்க முடியாத ஜென்மம். ஆனாலும் இந்த ஒரு பொய்யை மட்டும் முப்பத்தைந்து வருஷமாகத் திருத்தாமல் விட்டுவைத்திருந்தேன்.

அதைத் திருத்த வந்தவள் அவன் மகள். கோயம்புத்தூரில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வடக்கே ஒரு மலையாற்றில் ரப்பர் படகில் மூன்று நாள் போகும் ராஃப்டிங் பயணத்துக்குக் கல்லூரியில் கூட்டிப்போகிறார்கள், அப்பா கையெழுத்து வேண்டும் என்று ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். அவன் முடியாது என்றான். அவளுக்கு நன்றாக நீச்சல் தெரியும். வடமதுரைப் பக்கம் அம்மா ஊர்க் கிணற்றில் பழகியது. அவள் பழகிய நாட்களில் இவன் கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

"ஆத்துத் தண்ணி ஆபத்தும்மா" என்றான்.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நீங்க ஆத்துல எறங்குனதே இல்லையே."

அவன் முகம் சிவந்துவிட்டது. ஆத்தூர் அணை மறுகால் பாய்ந்து குடகனாற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்த சமயம் அது. "மூணு நாள் நம்ம ஆத்துலயே போய்க் காட்டுறேன். வேடசந்தூர் பாலத்துக்கு வந்து பாரு. அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டான்.

"சரிப்பா. போயிட்டு வந்து, பயமா இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா நான் போகலை. பயமா இல்லைன்னா கையெழுத்துப் போடுங்க. மாமா கூட வரட்டும். அவருதான் சாட்சி."

மாமா என்றது என்னை. எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இவ்வளவு அழகாக ஒருவரை மடக்கியவர்கள் யாரும் கிடையாது. மகளை நிறுத்த வேண்டுமென்றால், 'நான் பயந்தேன்' என்று அவன் தன் வாயால் சொல்லியாக வேண்டும். இது அவனுக்கு உறைத்தபோது படகு பாதி கட்டியாகிவிட்டது.

படகு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆறு லாரி டியூப், மேலே மூங்கில், சுற்றிலும் தேங்காய் நார்க் கயிறு, அதற்கும் மேலே ஒரு பழைய கல்யாண ஃபிளெக்ஸ். மாப்பிள்ளையின் சிரிப்பின் மேல் நான் உட்காருவதாக ஏற்பாடு. ஆன்லைனில் வாங்கிய இரண்டு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் வேறு. அரையாண்டு விடுமுறை என்பதால் எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. என் மனைவி கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முறுக்கில் மிச்சமிருந்ததை ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்து, "ரெண்டு பேரும் தண்ணியப் பாத்துப் போங்க" என்றாள். அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியைப் பிடித்து, படகை அதன் மேல் கட்டி, ஆத்தூருக்குக் கீழே கொண்டுபோய் இறக்கினோம். முதல் ஒரு மணி நேரம் ஆறு எங்களை ராஜமரியாதையோடு கூட்டிப்போனது. தென்னந்தோப்புகள் நகர்ந்தன. இவன் துடுப்பை ஊன்றிக்கொண்டு, "இதுக்கா வடக்க போகணுங்குறா?" என்றான். அப்போதுதான் கரையிலிருந்து சாய்ந்திருந்த சீமைக் கருவேல மரம் ஒரு டியூபைக் குத்தியது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கரையேறி, பையிலிருந்து பசையும் ஒட்டும் எடுத்து, ஊரில் லாரிக்கு ஒட்டுவதைவிடப் பக்தியாக ஒட்டினான். அன்று மட்டும் நான்கு பஞ்சர்.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, பிறகு மணலுக்குள் போய்விட்டது. குட்டியானைக்காரருக்குப் போன் போட்டோம்.

"எங்கண்ணே போகணும்?"

"அடுத்தாப்புல எங்க தண்ணி கெடக்கோ அங்க" என்றான் இவன்.

மூன்று நாளும் படகில்தான் போவேன் என்று மகளிடம் சொல்லியிருந்தானாம், அதனால் வண்டிமேல் ஏற்றிய படகிலிருந்தும் இறங்கமாட்டேன் என்றான். சாட்சி என்ற முறையில் நானும் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. லைஃப் ஜாக்கெட், கையில் துடுப்பு, நெடுஞ்சாலையில் நாங்கள். டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். முந்திப்போன காரெல்லாம் வேகத்தைக் குறைத்துப் படம் எடுத்தது. என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் பஸ் ஜன்னலிலிருந்து "குட் ஈவினிங் சார்" என்றான். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

ராத்திரி ஆற்றங்கரையில் கூடாரம் போடுவதாகத் திட்டம். ஆனால் படகைக் கட்டிவிட்டு ரோட்டுக்கு வந்தால் எதிரே திண்டுக்கல் டவுன் பஸ் நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்தோம், ஏறிவிட்டோம். வீட்டில் சுடச்சுடச் சாப்பிட்டு, காலையில் இட்லிப் பொட்டலத்தோடு மறுபடியும் பஸ் பிடித்து ஆற்றுக்கு வந்தோம். இது கணக்கில் சேருமா என்று கேட்டான். பகலில் போனதுதான் கணக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். எனக்கும் கொசு என்றால் ஆகாது.

இரண்டாம் நாள் தாடிக்கொம்பு தாண்டி ஒரு தடுப்பணை. அதற்குப் பின்னால் தண்ணீர் அகலமாகத் தேங்கிக் கிடந்தது. நடுவில் ஒரு திட்டு, திட்டின் மேல் ஒரு ஆடு. கரையில் நின்ற அம்மா எங்கள் ஆரஞ்சுச் சட்டைகளைப் பார்த்ததும் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"சார், வெள்ளத்துல ஆளக் காப்பாத்துற ஆளுகதான நீங்க? என் ஆட்டக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் இவன், "அதுக்குத்தாம்மா வந்துருக்கோம்" என்றான். திட்டில் ஒதுங்கி, ஆட்டைத் தூக்கி மணப்பெண் முகத்தின் மேல் நிறுத்தினோம். பாதித் தூரம் நல்ல ஆடாகத்தான் இருந்தது. ஃபிளெக்ஸ் வழுக்கியதும் மிரண்டு துள்ளி, இவன் நெஞ்சில் ஒரு முட்டு. இவன் மல்லாக்க விழுந்தான்.

அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா என்றான், மகள் பெயரைச் சொன்னான், ஆறாம் வகுப்பில் எனக்கு வைத்த பட்டப்பெயரைக்கூடச் சொல்லிக் கூப்பிட்டான். "கால ஊனுடா, ஏலே, கால ஊனு" என்று நான் கத்துவது அவனுக்குக் கேட்கவே இல்லை. கடைசியில் நானும் குதித்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். தண்ணீர் நெஞ்சளவுதான். நின்ற பிறகும் என் கையை விடவில்லை. ஆடு அதற்குள் தானே நீந்திக் கரையேறி, உடம்பை உதறிக்கொண்டிருந்தது.

"ஆட்டக் காப்பாத்தச் சொன்னா, நீங்க ஒருத்தர ஒருத்தர் காப்பாத்திக்கிட்டு இருக்கீக" என்றார் அந்த அம்மா.

கரையேறி உட்கார்ந்தோம். முறுக்கு நீட்டினேன், வேண்டாமென்றான். "ஜெயிச்சது நீதாண்டா மாப்ள. பயந்தேன்னு சொன்னாப் போதும், பிள்ளை போகாது" என்றேன்.

"அவகிட்ட எப்படிடா சொல்வேன்?" என்றான். எதற்கும் பயப்படாதவர் என்று சின்னப் பிள்ளையிலிருந்து அவள் நம்பிவந்த அப்பா அவன். எனக்கு முதல் தடவையாக அவன்மேல் பாவமாக இருந்தது. மூன்றாம் நாள் பாதி வண்டியிலும் மீதி தண்ணீரிலுமாகப் போனோம். 'எனக்கென்ன பயம்' என்று ஜம்பமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது என்பதுதான் வழியெல்லாம் என் கவலை.

வேடசந்தூர் பாலத்துக்குக் கீழே மகள் தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றாள். இவன் கரையேறி ஜாக்கெட்டைக் கழற்றப் பார்த்தான். பூட்டு சிக்கிக்கொண்டது. அவள் குனிந்து அதை விடுவித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னப்பா, பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றான். "ஒரு ஆடு தள்ளிவிட்டுருச்சு. நெஞ்சளவுத் தண்ணிதான். செத்தேன்னு நெனச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஜாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு, "சரிப்பா. நான் போகலை" என்றாள். பேசிய பேச்சு மாறாத பிள்ளை. ஆனால் குரல் உள்ளே போய்விட்டது.

இவன் என் பக்கம் திரும்பி, "பேனா வச்சுருக்கியாடா?" என்றான்.

"எதுக்கு?"

"பயந்தது நானு. அதுக்கு அவ எதுக்கு வீட்ல உக்காரணும்? ஃபாரத்த எடும்மா."

இவன் சொன்ன பொய்களையெல்லாம் சேர்த்து மன்னித்துவிட்டேன். அவள் வண்டியின் சீட்டில் படிவத்தை விரித்துப் பிடித்தாள். அவன் குனிந்து போட்டான். கையெழுத்து கோணிப்போய், அவன் கையெழுத்து மாதிரியே இல்லை.

"காலேஜ்ல இது யாரு போட்டதுன்னு கேப்பாங்கப்பா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அப்பாதான் போட்டாருன்னு சொல்லு" என்றான். "பயந்துக்கிட்டே போட்டாருன்னு சொல்லு."